கையெழுத்துப் போடுகிறவரும் கோப்பு சுமக்கிறவரும்

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் டென்ஷன் அதிகம், மாரடைப்பும் அவரைத் தேடித்தான் வரும் என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறோம். அறுபதுகளில் மருத்துவர்கள் பலருக்கும் இதே எண்ணம்தான். லண்டன் வைட்ஹால் அரசு அலுவலகங்களில் 1967-ல் தொடங்கிய ஆய்வு அதைத் தலைகீழாக்கியது.

நாற்பது வயதைத் தொட்ட 17,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, பின்னர் யார் எதனால் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பத்தாண்டு முடிவில், வாயிற்காவலர், தபால் சுமப்பவர் போன்ற கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்கு. இதில் என்னை அதிகம் உறுத்துவது இடையில் இருப்பவர்களின் கதை. இறப்பு படிப்படியாகக் கூடிக்கொண்டே போகிறது; உச்சிக்கு ஒரு படி கீழே, நல்ல சம்பளத்தில் இருந்தவரின் கணக்குகூட உச்சியில் இருப்பவரைவிட மோசம். இவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச அரசு மருத்துவம். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பாதிகூடக் கரையவில்லை.

மிச்சத்துக்கு என்ன காரணம்? அதைத் தேடித்தான் ஆய்வாளர் மைக்கேல் மார்மட் 1985-ல் இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார். இம்முறை பெண்களும் உண்டு. மொத்தம் 10,308 பேர். எந்த வேலையை முதலில் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது, எப்படி முடிப்பது என்பதில் உங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று கேட்டார்கள். மூன்றாண்டு இடைவெளியில் இரு முறை கேட்டபோதும் ‘எனக்கு உரிமை குறைவு’ என்ற நிலையில் இருந்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. புலம்புகிற சுபாவம் உள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கவும் வழியில்லை. அந்தந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் உண்டு என்று நிர்வாகத் தரப்பே தனியாக மதிப்பிட்டது. அந்தக் கணக்கிலும் இதே போக்கு தெரிந்தது.

உடலுக்குள் நடப்பது இதுதான். மேலதிகாரியின் அழைப்பு வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, கார்டிசால் ஏறுகிறது; கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது; ரத்தம் உறையத் தயாராகிறது. ஓடித் தப்பிக்க இது நல்ல ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சர்க்கரை செலவாவதில்லை. ஆபத்து இந்த ஏற்றத்தில் மட்டும் இல்லை, இறங்காமல் நிற்பதிலும் இருக்கிறது. வைட்ஹால் ஊழியர்களில் சுமார் இருநூறு பேரை ஆய்வகத்தில் உட்காரவைத்துக் கடினமான பணிகளைக் கொடுத்தார் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்டெப்டோ. அழுத்தம் எல்லோருக்கும் ஏறியது. ஆனால், கீழ்நிலை ஊழியர்களின் ரத்த அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் பிடித்தது. தொட்டி நிரம்பிய பிறகும் ஓடும் மோட்டார் போல. இப்படியே வருடக்கணக்கில் ஓடினால் இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் கூட்டாகக் கெடுகின்றன. வேலையிடத்து மன அழுத்தம் விடாமல் தொடர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று 2006-ல் வெளியான வைட்ஹால் ஆய்வுக் கட்டுரை காட்டியது.

எல்லா மாரடைப்புக்கும் அலுவலகத்தைக் குற்றம் சொல்வதும் தவறு. ஐரோப்பாவில் சுமார் இரண்டு லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2012-ல் பார்த்தபோது, சுமை அதிகமாகவும் உரிமை குறைவாகவும் உள்ள வேலை இதய நோய் வாய்ப்பைக் கூட்டுவது சுமார் 23 சதவீதம் என்று தெரிந்தது. சிகரெட் செய்யும் கேடு இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால், சிகரெட்டை ஊழியர் தானே விட முடியும். வேலை எப்படி அமைய வேண்டும் என்பது அவர் கையில் இல்லை. அதை மாற்ற வேண்டியவர்கள் துறையை நடத்துபவர்கள்.

வைட்ஹாலின் இரண்டாவது ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அரசுக் கட்டடங்களைப் பராமரித்த துறையொன்றைத் தனியாருக்கு விற்க பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது. மற்ற துறையினரோடு ஒப்பிட்டபோது, அந்தத் துறை ஊழியர்கள் தங்கள் உடல்நிலை மோசமாகிவிட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கு எடுக்கப்பட்டபோது விற்பனை நடந்திருக்கவில்லை. வேலை போகலாம் என்ற பேச்சு மட்டுமே இருந்தது.