முகம் காணாக் குரல்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தேன். என் முறை வந்ததும் ஊரின் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்டேன். உடனே பின்னாலிருந்து, "ஐயா, தாங்களா?" என்று ஒரு குரல் எழுந்தது. திரும்பினேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்றவர் நின்றிருந்தார். நரைத்த தலையும் கூனிய முதுகுமே அவருக்குத் தெரிந்தன. ஆயினும் குரலைக் கொண்டே என்னை அறிந்துகொண்டார். முகம் மாறும், உடல் தளரும், குரல் எளிதில் மாறுவதில்லை.

முகத்தைக் காட்டாமல், குரலால் மட்டுமே மக்கள் உள்ளத்தில் குடியேறுவோர் சிலர் உண்டு. கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கும் கலைஞர்கள் அத்தகையோர். அவர்களையும், அவர்களை இரசிகர்கள் நேரிற் காணும் மாநாடுகளையும் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன்.

கார்ட்டூன் படத்தில் சித்திரம் முந்தியதா, குரல் முந்தியதா? சித்திரம் வரைந்த பின்னரே குரல் சேர்க்கப்படுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்கப் படக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. முதலில் உரையாடலைப் பதிவு செய்கிறார்கள். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன அல்லவா? எந்த ஒலி எந்தச் சட்டத்தில் விழுகிறது என்று அளந்து, அட்டவணையாக எழுதுகிறார்கள். ஓவியர் அதைப் பார்த்து வாயசைவை வரைகிறார். எழுத்துகளின் பிறப்பை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள். பகரமும் மகரமும் வரும்போது இதழ்கள் மூடுகின்றன. ஆகாரத்திற்கு வாய் திறக்கிறது. ஓகாரத்திற்கு இதழ் குவிகிறது. நீங்கள் தேர்வுக்காகப் படித்த பாடம் அந்த ஓவியருக்கு அன்றாடத் தொழில். எனவே, அங்கே குரலே முதல். சித்திரம் அதனைப் பின்தொடர்கிறது.

இத்துறையில் புகழ்பெற்றவர் ஜூன் ஃபோரே என்னும் அம்மையார். 1917-ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே வானொலி நாடகத்தில் பேசத் தொடங்கினார். வானொலியில் முகபாவம் உதவாது. அழுகையும் நகைப்பும் முதுமையும் இளமையும் குரலிலேயே தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. 1959-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் ராக்கி என்னும் பறக்கும் அணிலாகப் பேசியவர் அவரே. அந்த அணிலைக் கெடுக்கச் சூழ்ச்சி செய்யும் நடாஷா என்னும் ஒற்றர் பெண்ணாகப் பேசியவரும் அவரே! ஒரே மிடற்றிலிருந்து வீரமும் வஞ்சகமும் பிறந்தன.

ஆனால் அவர் பெயரைப் பலர் நெடுங்காலம் அறியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. வார்னர் நிறுவனத்தின் கார்ட்டூன்களில் பக்ஸ் பன்னி என்னும் முயலுக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். அவர் ஊதிய உயர்வு கேட்டபோது, பணத்திற்குப் பதிலாகத் திரையில் அவர் பெயரைக் காட்டும் உரிமை வழங்கப்பட்டது. அவருக்கு அது பெருமைதான். எனினும் அப்படங்களில் உடன் பேசிய மற்றவர் பெயர்கள் பல்லாண்டு திரையில் இடம்பெறவில்லை. 1950-களில் அங்கே பாட்டியாகவும் சூனியக்காரியாகவும் பேசிய ஜூன் ஃபோரேயும் அவர்களுள் ஒருவர். உழைப்பு திரையில் ஒலித்தது. பெயர் மட்டும் மறைந்திருந்தது.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்து வைத்தவர்கள் இரசிகர்களே. சித்திரக் கதைகளில் ஈடுபாடு கொண்ட சிலர் 1970-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ஒரு மாநாட்டைத் தொடங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் கூடியவர் ஏறக்குறைய 300 பேர். இன்றோ அங்கு ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் திரள்கின்றனர். 1974-இல் அம்மாநாட்டினர் 'மைக்கூடு' என்று பொருள்படும் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தி, அவ்வாண்டிலேயே ஜூன் ஃபோரேக்கும் அளித்தனர்.

இத்தகைய மாநாடுகளில் நிகழும் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். மேசைக்குப் பின் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். எதிரே நிற்கும் குழந்தை ஐயத்தோடு பார்க்கிறது. அணிலுக்கும் இவருக்கும் என்ன ஒற்றுமை? அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்கிறார், ஐயம் பறந்துவிடுகிறது. அணில் மையினால் ஆனதன்று, ஒரு மனிதரின் மூச்சினால் ஆனது என்பதை அக்குழந்தை அக்கணமே கற்றுக்கொள்கிறது.

அவ்வாறு சந்திக்க வாய்த்தால் நாம் நடந்துகொள்ளும் முறையும் ஒன்று உண்டு. "அந்தக் குரலில் பேசுங்கள்" என்று ஓயாமல் வற்புறுத்தலாகாது. தொண்டையே அவர்களுடைய கருவி; அலறலும் உறுமலும் அதனைப் புண்படுத்தும். "இதை எப்படிக் கற்றீர்கள்?" என்று கேளுங்கள். அக்கேள்வியே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஜூன் ஃபோரே தம் பெருமையோடு நின்றுவிடவில்லை. அசைவுப்படக் கலைஞர்களைப் பாராட்டும் 'ஆனி' விருதுகள் 1972-இல் தோன்ற முன்னின்றார். தமக்கு 94 வயதானபோது, 2012-இல், எம்மி விருது பெற்றார். 2017-இல் மறைந்தார்.

நண்பர்களே, இப்பொழுது என் குரல் உங்களை வந்தடைகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒருவர் அமர்ந்து அதன் ஏற்ற இறக்கத்தைச் சீர்செய்கிறார். அவரின்றி இவ்வுரை உங்கள் செவிக்கு எட்டாது. ஆனால் அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை இருந்து, ஒன்றிரண்டையேனும் படித்துவிட்டு எழுந்திருங்கள்.