கடைக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க: இலவசமா, சந்தாவா?

கடையில் பில் போடும் கணினியைக் கிடங்கிலிருந்தோ வீட்டிலிருந்தோ இயக்கும் வசதி இன்று மளிகைக் கடை வரை வந்துவிட்டது. இருப்பு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு பாக்கி, அன்றைய விற்பனை என்ன என்பதை இருந்த இடத்திலிருந்தே அறியலாம். இதற்கான மென்பொருளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாமா, பணம் கட்டி வாங்க வேண்டுமா என்பதே வணிகர்கள் முன்னுள்ள கேள்வி.

இலவசத்தில் இரண்டு வகை உண்டு. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடைக்கு உபயோகித்தால் சந்தா கட்ட வேண்டும். வணிக உபயோகம் என்று சந்தேகம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். வரிக் கணக்கு முடிக்கும் நாளில் அது நேர்ந்தால் மிச்சம் பிடித்த பணத்தைவிட நஷ்டம் பெரிது.

மற்றது யாவருக்கும் இலவசம். ரஸ்ட்டெஸ்க் அப்படிப்பட்டது. லினக்ஸ் சர்வரில் எழுத்துத் திரையில் வேலை பார்ப்போருக்குப் புட்டி போதும், வணிகத்துக்கும் தடையில்லை. ஆனால், கோளாறு வந்தால் உரிமையோடு கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. கைவசம் விவரம் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்போருக்கு ரிமோட் டெஸ்க்டாப் அதிலேயே உள்ளது. ஹோம் பதிப்புக் கணினியை அதன்மூலம் வெளியிலிருந்து இயக்க முடியாது. இதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைப்பது, கல்லாப்பெட்டியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். வி.பி.என். வழியாகவே வர வேண்டும்.

காசு கொடுத்து வாங்கியதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. எனிடெஸ்கைச் செல்போனில் ஏற்றச் சொல்லி, 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த நிறுவனத்தின் சர்வர்களிலேயே அந்நியர் ஊடுருவியதை 2024 பிப்ரவரியில் அந்நிறுவனமே அறிவித்தது. ஆகவே எதை வைத்திருந்தாலும் கடினமான கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லக் கூடாது. கணக்கின் நகல் தினமும் தனியே இருக்க வேண்டும். எங்கள் மண்டியில் இரவு ஷட்டரை இறக்கும்போது இந்த இணைப்பையும் நிறுத்திவிடுகிறோம்.

ஒரே கடை, எப்போதாவது பார்ப்பது என்றால் யாவருக்கும் இலவசமான வகையே போதும். இரண்டு மூன்று கிளைகள், அன்றாடம் இதை நம்பியே பில் என்றால் சந்தா கட்டுவதே சரி. ஒரு நாள் பில் நின்றால் போகும் வியாபாரத்தையும் ஓராண்டுச் சந்தாவையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.