மதகும் மனமும்

பவானிக் கூடுதுறையில் சங்கமேசுவரரை வணங்கிவிட்டுக் கொடுமுடி மகுடேசுவரரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், வழியில் ஒரு வாய்க்காலைக் கண்டிருப்பார்கள். பாடல் பெற்ற இவ்விரு தலங்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில், வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் அது. பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்பாக அணை கட்டி, 13ஆம் நூற்றாண்டில் இதனை வெட்டுவித்தவர் காலிங்கராயர். 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இன்றும் இதன் நீரால் விளைகிறது.

கட்டுப்பாடு என்றால் தடுத்து நிறுத்துவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த அணை ஆற்றை நிறுத்தவில்லை. வேண்டிய அளவு நீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மிகுதியை ஆற்றின் போக்கிலேயே விட்டுவிடுகிறது. மதகு மூடியே கிடந்தால் பயிர் வாடும். முழுதும் திறந்தே கிடந்தால் கரை உடையும். அளவறிந்து திறப்பதும் மூடுவதுமே கட்டுப்பாடு.

நிர்வாகத்திலும் இதுவே நெறி. வங்கியின் பணப் பெட்டகத்துக்குச் சாவிகள் இரண்டு. அவற்றை வைத்திருப்போரும் இருவர். எத்தனை நாணயமானவராயினும் ஒருவர் தனியே அதனைத் திறக்க இயலாது. கோயில் உண்டியலும் பலர் முன்னிலையிலேயே திறக்கப்படுகிறது. இவ்வேற்பாடு யாரையும் ஐயுறுவதற்காக அன்று. நல்லவர்மீது வீண்பழி விழாமலும், தளர்ந்த பொழுதில் மனம் தடுமாறாமலும் காக்கும் வேலி அது. பணியில் இருந்த ஆண்டுகளில், அந்த இரண்டாவது சாவி எனக்குப் பாரமாக இருந்ததில்லை, பாதுகாப்பாகவே இருந்தது.

ஆயினும், பிறர் வைக்கும் பூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தன் நிலம் செழிக்கவே வாய்க்கால் வெட்டுகிறார் என்று காலிங்கராயர்மீது பழி எழுந்ததாகவும், அது கேட்டு, தாமும் தம் வழியினரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை என அவர் உறுதி பூண்டு, பொள்ளாச்சி அருகே ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாகவும் கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆற்றைத் திருப்பும் அதிகாரம் பெற்றவர், முதலில் தம் கையைக் கட்டிக்கொண்டார். அதனால்தான் எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அவர் பெயரால் அந்நீர் ஓடுகிறது.

அறுபதையும் எழுபதையும் கடந்த நமக்கு இதில் பாடம் உண்டு. நம்மில் பலருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது எளிது; வீட்டுச் சாவிக்கொத்தைக் கைமாற்றுவது கடினம். என்ன சமைப்பது, பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பவற்றை மகனும் மருமகளும் தீர்மானிக்கட்டும். கேட்டால் சொல்வோம், கேளாதபோது அந்த நேரத்தை இறைவன் திருநாமத்துக்கு அளிப்போம்.

அதற்காக மதகை முழுதும் திறந்துவிடவும் வேண்டாம். மருத்துவச் செலவுக்கான வைப்புத்தொகை நம் பெயரிலேயே இருக்கட்டும். நமக்குப் பின் பெறுபவரின் பெயரையும் வங்கியில் முறையாகப் பதிந்து வைப்போம். படித்துப் பாராமல் எத்தாளிலும் கையெழுத்திட வேண்டாம். வீட்டின் சாவியை அன்போடு கொடுப்பதும், நம் தேவைக்கானதை அமைதியாகக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

அடுத்த முறை கொடுமுடிக்குச் செல்லும்போது, அவ்வாய்க்கால் கரையில் சற்றே நின்று பாருங்கள். தமக்கு ஒரு துளியும் வேண்டாம் என்றவர் விட்டுச் சென்ற நீர் அது. அந்த மனத்தில் ஒரு சிறு பங்கையேனும் மகுடேசுவரர் நமக்கு அருள்வாராக.