காற்றடைத்த படகில் கடல் மீன்பிடிப்பு: அலையைவிடக் காற்றைக் கவனியுங்கள்

பல்லாவரத்தை அடுத்த பொழிச்சலூர் அடையாற்றங்கரை ஊராகும். இந்த ஆற்றங்கரை ஊர்களில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் பெரும்பாலும் வீட்டு மனையாகிவிட்டது. மிஞ்சிய சிறு விவசாயிகள் மேற்கே குன்றத்தூர், சோமங்கலம் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரில் சம்பா நடுகின்றனர். தையில் அறுவடை முடிந்தால் அடுத்த பருவம் வரை கையில் வேலை குறைவு. இந்த இடைவெளியில் மீன்பிடிப்பை உபதொழிலாகக் கொள்ளும் ஆசை பலருக்கு உண்டு.

காற்றடைத்த படகு இப்பகுதி மக்களுக்குப் புதிதல்ல. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகுகளில் வந்து வீட்டு மாடிகளிலிருந்து மக்களை இறக்கினர். கடலோர மீனவர்களும் தங்கள் ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்து உதவினர். இன்று இருவர் அமரக்கூடிய காற்றுப் படகைக் கடையில் வாங்கி, மடித்துச் சாக்கில் போட்டு, இரு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போகலாம். பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை வழியாகச் சென்றால் நீலாங்கரைக் கடற்கரை தொலைவில்லை. ஆகவே இதைக் கொண்டு கடலில் மீன் பிடிக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

பிடிக்கலாம். ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதை அறிந்தே பிடிக்க வேண்டும். அறியாமல் இறங்குபவர் மீனை மட்டுமல்ல, உயிரையும் இழக்க நேரிடும்.

கட்டுமரம் கற்றுத்தரும் பாடம்

சிறு கலத்தில் கடலுக்குப் போவதில் சோழமண்டலக் கரை மீனவர்களுக்கு ஈடு இல்லை. கட்டுமரம் என்ற நம் சொல்லே ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்துவிட்டது. எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் இக்கலம் கவிழலாம், ஆனால் மூழ்காது. மேலே ஏறும் அலைநீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரத்தின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது.

காற்றுப் படகும் எளிதில் மூழ்காது. அந்த அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. கட்டுமரம் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் கிடக்கும். அதன்மேல் காற்றுக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. காற்றுப் படகோ தண்ணீரின்மேல் ஊதிய பையாக நிற்கிறது. களத்தில் நெல் தூற்றுகிறோம். மணி நேராகக் கீழே விழுகிறது, பதர் காற்றோடு போகிறது. கடலில் கட்டுமரம் மணி, காற்றுப் படகு பதர். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் தானே விளங்கும்.

அமைதியான கடலே ஆபத்து

கடலைப் பழகாதவர் அலையைப் பார்த்து அஞ்சுகிறார். அலை அடங்கியிருந்தால் துணிந்து இறங்குகிறார். நம் கரையில் இந்தக் கணக்குத் தவறாகப் போகும். சென்னைக் கரைக்குக் கிழக்கே கடல், மேற்கே நிலம். மேற்கிலிருந்து காற்று வீசும் காலையில் கரையோரக் கடல் ஏரி போலத் தட்டையாக இருக்கும். நிலத்தின் மறைவில் அலை எழும்ப இடமில்லாததே காரணம். அதே காற்றுத்தான் படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது. கரையை விட்டு விலக விலகக் காற்றும் பலமாகும், அலையும் உயரும். திரும்ப நினைக்கும்போது துடுப்புப் போட்டும் படகு நகராது. காற்றில்லாத நேரத்திலேயே சிறு காற்றுப் படகை ஒருவர் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து வலிக்க முடியாது. எதிர்க்காற்று சற்றுப் பலமாக இருந்தால் அதுவும் இல்லை.

பழைய மீனவர்கள் இந்தக் காற்றைப் பகையாக்கவில்லை, வேலைக்காரனாக்கினர். விடியற்காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துக் கடலுக்குப் போவர். நிலம் சுட்டபின் கடலிலிருந்து எழும் காற்றில் பாய் விரித்துக் கரைக்கு வருவர். பங்குனி, சித்திரையில் இந்தக் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலையொட்டித் தவறாமல் வந்துவிடும். ஆனால் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் வலுவால் அது பிற்பகல் வரை தாமதப்படும். சில நாள் வராமலே போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வழக்கு. அம்மிக்கே அந்தக் கதி என்றால் ஊதிய படகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து சென்ற மீன்பிடிப் படகு ஒன்று கரை திரும்ப முடியாமல் ஒன்றரை மாதத்துக்கு மேல் மிதந்து, கடைசியில் மியான்மர் கடற்படையினரால் மீட்கப்பட்டது. அது பல பேர் செல்லும் பெரிய படகு. காலமோ இதே மேல்காற்றுக் காலம்.

காற்றடைத்த படகிலேயே பெருங்கடலைக் கடந்தவரும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் அலென் பொம்பார் 1952 அக்டோபர் 19 அன்று கானரித் தீவுகளிலிருந்து ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமுள்ள காற்றுப் படகில் தனியே புறப்பட்டு, 65 நாட்கள் கழித்து டிசம்பர் 23 அன்று பார்படோஸ் தீவை அடைந்தார். கப்பல் கவிழ்ந்தவர்கள் கடலில் கிடைப்பதைக் கொண்டே உயிர் பிழைக்கலாம் என்று காட்டுவது அவர் நோக்கம். மீன் பிடித்துத் தின்றார். மீனைப் பிழிந்த சாற்றைக் குடித்தார். கரை சேர்ந்தபோது 25 கிலோ எடை குறைந்திருந்தார். அவர் சிறிது கடல்நீரும் குடித்தார் என்பதை வைத்து யாரும் அதைப் பின்பற்றக் கூடாது. கடல்நீர் தாகத்தையே கூட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அவரை அக்கரை சேர்த்தது ஒரே திசையில் வீசிய வாணிபக் காற்று. அவர் போக விரும்பிய திசையிலேயே அது வீசியது. நீலாங்கரையில் மேல்காற்றில் அகப்பட்டவருக்கு அடுத்த கரை அந்தமான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஏற்ற காலமும் இடமும்

தை பிற்பகுதி முதல் பங்குனி வரை வங்கக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். அறுவடை முடிந்த விவசாயிக்கும் இதுவே ஓய்வுக் காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை புயலும் வாடையும் வீசும் காலமாதலால் காற்றுப் படகைக் கடலில் இறக்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் கரையில் நின்று ஒரு பிடி உலர்ந்த மணலை உதிர்த்துப் பார்க்க வேண்டும். மணல் கடலை நோக்கிப் பறந்தால் படகை மடித்து வீட்டுக்குத் திரும்புவதே அறிவுடைமை. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர்க்கு விடுக்கும் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தரும் அலை உயர அறிவிப்பையும் முதல் நாளே கேட்டறிய வேண்டும்.

காற்றோடு நீரோட்டத்தையும் பார்க்க வேண்டும். நம் கரையில் மாசி முதல் கோடை வரை நீர் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. இறங்கிய இடமும் ஏறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் சற்று எதிரே சென்று தூண்டில் போட வேண்டும்.

புதியவர்கள் கடலில் இறங்குவதற்கு முன் முட்டுக்காடு, கோவளம் பகுதியின் உப்பங்கழியில் பழகுவது நலம். படகு விடவும் மீன் பிடிக்கவும் அனுமதி உள்ள இடம்தானா என்று அங்கே முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மடவை, கொடுவா, நண்டு முதலியவை கழியில் கிடைக்கும். முகத்துவாரத்தின் பக்கம் மட்டும் போகக் கூடாது. வற்றும் நேரத்தில் அங்கே நீர் மடை திறந்தது போல் கடலுக்குள் இழுக்கும். கடலில் கரையோரமாகக் கிழங்கான், கெளுத்தி, சிறு பாரை தூண்டிலில் விழும். இறாலோ மத்தித் துண்டோ இரையாகப் போதும். காற்றுப் படகிலிருந்து வலை வீசுவது உகந்ததல்ல. வலை காலில் சிக்கினால் ஆளும் வலையும் ஒன்றாகப் போக நேரும். கைத்தூண்டிலே ஏற்றது.

நங்கூரம் இல்லாமல் போகாதீர்

பதர் பறக்காமலிருக்க ஒரே வழி அதைக் கட்டி வைப்பதுதான். சிறு நங்கூரம் ஒன்று கட்டாயம் வேண்டும். சாக்கில் மணல் நிரப்பிப் போட்டாலும் ஓரளவு பிடிக்கும் என்றாலும் நம்ப முடியாது. கொக்கியுள்ள இரும்பு நங்கூரமே சிறந்தது. அதன் முனையைத் துணியால் சுற்றி வைக்காவிட்டால் முதலில் குத்துப்படுவது படகேயாகும். கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மீட்டர். கயிறு குறைந்தால் நங்கூரம் தரையைக் கவ்வாமல் இழுபடும். படகின் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும்.

நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று அறியக் கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை, ஒரு தென்னையும் அதன் பின்னே ஒரு மாடி வீடும் என்பது போல், நேர்கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் விலகினால் படகு நகர்கிறது. உடனே தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும், மீன் கொத்திக்கொண்டிருந்தாலும் சரி.

கரையிலிருக்கும் ஆள் அடையாளம் தெரியும் தூரத்தைத் தாண்டக் கூடாது. தனியே போகக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது பயனில்லை. உடலில் அணிந்திருக்க வேண்டும். குடிநீர், விசில், நீர் புகாத உறையில் கைபேசி ஆகியவை உடனிருக்கட்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

திரும்பி வரும்போது அலை உடையும் இடமே கவிழும் இடம். பெரிய அலைகள் கூட்டமாக வந்தபின் சிறிது ஓய்வு இருக்கும். வெளியே காத்திருந்து அந்த ஓய்வில் நேராக உள்ளே வர வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பினால் புரண்டுவிடும்.

படகு வாங்கும்போது

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடும் மெல்லிய பிளாஸ்டிக் படகு கடலுக்கு ஆகாது. துணி வைத்து நெய்த கனமான பி.வி.சி. அல்லது செயற்கை ரப்பர் படகாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று தனித்தனி அறைகளாவது வேண்டும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கும். லாரி டியூபில் வலை பின்னி ஏரியில் மீன் பிடிப்பவர்கள் உண்டு. டியூபுக்கு ஒரே அறை. அதைக் கடலுக்குக் கொண்டுபோவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

காற்று அடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காலைக் குளிர்ச்சியில் விறைப்பாக அடித்த படகைச் சுடும் மணலில் போட்டுவைத்தால், உள்ளிருக்கும் காற்று 30 டிகிரி சூடேறும்போது அதன் விறைப்பு பாதிக்கு மேல் கூடிவிடும். வெயிலில் நிறுத்திய சைக்கிளின் டியூப் வெடிப்பது போல் தையல் பிரியும். ஆகவே வெயிலில் சற்றுத் தளர்வாக வைத்து, தண்ணீரில் இறக்கிக் குளிர்ந்தபின் குறைவதை நிரப்ப வேண்டும். கெளுத்தியின் முள்ளும் நண்டின் கொடுக்கும் படகைக் குத்துமாதலால் பிடித்த மீனை மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும்.

சட்டமும் ஊர் வழக்கும்

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையோரக் கடலைச் சிறு பாரம்பரியக் கலங்களுக்கென ஒதுக்கியுள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கே உரியது. ஆயினும் கடலில் இறக்கும் கலத்துக்குப் பதிவு, அனுமதி பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. நம் வயலில் வெளியாள் கேட்காமல் இறங்கினால் நமக்கு எப்படியோ, அவர்கள் கரையில் நாம் கேட்காமல் இறங்கினாலும் அப்படியே. அனுமதி கேட்பவருக்கு அன்றைய காற்றைப் பற்றிய யோசனையும் கூடவே கிடைக்கும். அதற்கு விலையில்லை.

உண்மையில் இதை வருமானத்துக்கான தொழிலாக எண்ணுவது பொருந்தாது. கைத்தூண்டிலில் கிடைப்பது வீட்டுக் குழம்புக்குப் போதும், சந்தைக்குப் போதாது. சிறு விவசாயிக்கு இப்படகால் நிலையான பயன் தன் நிலத்திலேயே இருக்கிறது. அரை ஏக்கரும் அதற்கு மேலுமான குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள், மீன்களின் மொத்த எடையில் நாளொன்றுக்கு 2 முதல் 3 சதவீதம் தீவனம் இட வேண்டும். துளையிட்ட சாக்கில் தவிட்டையும் புண்ணாக்கையும் நிரப்பிக் குளத்தின் நடுவே கம்புகளில் கட்டித் தொங்கவிடவும், களைகளை அகற்றவும் இப்படகு நன்கு உதவும். பொது ஏரியில் விடுவதானால் மீன்பாசிக் குத்தகைதாரரின் சம்மதம் தேவை. ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் சீமைக் கருவேல முள் காற்றுப் படகுக்கு எமன் என்பதால், கரை ஓரங்களில் நீர் குறைந்துள்ள இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

பயன்படுத்தியபின் நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, மடிப்புகளில் சிறிது முகப்பவுடர் தூவிச் சுருட்ட வேண்டும். நெல் மூட்டை உள்ள அறையில் வைத்தால் எலி கடித்துவிடும். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவது நல்லது.