வீட்டுக்குள் வந்த தொலைபேசி நிலையம்

மின்சாரம் நின்று தெருவே இருண்டுபோன இரவுகளிலும் பழைய தொலைபேசி ஒலித்தது. அதன் காரணம் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் மின்கலங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் இரட்டைச் செம்புக் கம்பி வழியே ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் வந்துகொண்டிருந்தது. பேசுவதற்கான ஆற்றலைத் தந்ததும், மணியை ஒலிக்கச் செய்ததும், அழைப்பவரை அழைக்கப்படுபவரோடு இணைத்ததும் அந்நிலையமே. வீட்டுக்காரர் ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினால் போதும்.

இன்று அந்த வேலைகளில் ஒரு பகுதி வீட்டுக்காரரின் பொறுப்புக்கு வந்துவிட்டது. 2001 ஆம் ஆண்டில் ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் சேவை செம்புக் கம்பியின் வழியாகவே அகண்ட அலைவரிசை இணையத்தைக் கொணர்ந்தது. பின்னர் மலேசிய அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 2008 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1130 கோடி ரிங்கிட் மதிப்பிலான அதிவேக இணையத் திட்டம் தொடங்கிற்று; அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி ரிங்கிட். 2010 மார்ச் மாதத்தில் யூனிஃபை என்னும் பெயரில் கண்ணாடியிழைச் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கின் சில வட்டாரங்களில் முதலில் வழங்கப்பட்டது. கண்ணாடியிழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அதன் முனையில் உள்ள பெட்டிகளுக்கு வீட்டு மின்சாரமே உணவு. தொலைபேசி பேசுவதும் பேசாதிருப்பதும் அப்பெட்டிகளைப் பொறுத்தன.

சுங்கை வே மக்களுக்கு இப்பெட்டி முற்றிலும் அயலான பொருள் என்று சொல்லிவிட முடியாது. 1972 இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தபின் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பெண்மக்கள் பலர் அவற்றில் வேலை செய்தனர். உருப்பெருக்கியின் கீழ் நுண்ணிய கம்பிகளைப் பொருத்துவது அத்தகைய ஆலைகளின் அன்றாடப் பணி. லயத்தில் வாழ்ந்த காலத்தில் தொலைபேசி என்பது துரையின் பங்களாவிலும் தோட்ட அலுவலகத்திலும் இருந்த பொருள். இன்றோ ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் ஒரு சிறு தொலைபேசி நிலையமே இருக்கிறது. அதை நடத்தும் முறையை வீட்டார் அறிந்திருப்பது நலம்.

பேச்சு பொதியாகும் விதம்

இணையத் தொலைபேசி குரலை அப்படியே அனுப்புவதில்லை. அது குரலின் அளவை ஒரு நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 இருமக் குறிகளால் எழுதுகிறது. ஆகவே ஒரு நொடிப் பேச்சு 64,000 குறிகளாகிறது. இக்குறிகளை நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒன்றாகப் பொதிகளாகக் கட்டுவதே பெருவழக்கு. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளும் வரிசை எண்ணும் எழுதப்படுகின்றன. இவற்றையும் சேர்த்தால் ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 80,000 குறிகள் ஆகும்.

இக்கணக்கில் ஓர் உண்மை விளங்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஆயிரம் உரையாடல்களுக்கு மேல் இடம் உண்டு. பேச்சு தடைப்படுகிறது என்று அதிக விலை கொடுத்து மேலும் வேகமான இணைப்பை வாங்குவோர் பல வேளைகளில் நோய்க்குப் பொருந்தாத மருந்தையே வாங்குகின்றனர். பேச்சுக்கு வேண்டுவது காலந்தவறாமை.

இரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். வெட்டிய பால் உரிய நேரத்தில் நிறுவைக்கு வந்து சேர வேண்டும். காலங்கடந்தால் வாளியிலேயே உறைந்துவிடும்; அளவு குறையாமல் இருந்தும் பயன் குறைந்துவிடும். பேச்சுப் பொதியும் அத்தகையது. தன் முறைக்குப் பிந்தி வந்த பொதியைக் கருவி எறிந்துவிடுகிறது. அதனால் சொல்லின் நடுவே ஓர் எழுத்து விழுங்கப்படுகிறது. ஒரு திசையில் செல்லும் நேரம் நொடியின் ஆயிரத்தில் 150 பங்குக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல்.

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நேர்த்தூரம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அத்தூரத்தைக் கடக்க நொடியின் ஆயிரத்தில் 13 பங்கு போதும். கடலடிக் கம்பி சுற்றிச் சென்றாலும் காலம் சில மடங்கே கூடும். ஆகவே சென்னையிலுள்ள உறவினரின் குரல் அறுந்து அறுந்து கேட்குமானால், குறை கடலுக்கடியில் இருப்பதைவிடக் கூடத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மூன்று பொருள்கள், ஒரு வரிசை

தெருவிலிருந்து வரும் கண்ணாடியிழை முதலில் ஓ.என்.யூ. எனப்படும் பெட்டியில் முடிகிறது. ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் தொழில். அடுத்தது ரவுட்டர், வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பொதிகளைப் பங்கிட்டு அனுப்பும் வழிகாட்டி அது. மூன்றாவது தொலைபேசிக் கருவி. சில வீடுகளில் முதல் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். ஓ.என்.யூ.விலிருந்து வரும் கம்பி, ரவுட்டரில் ‘வான்’ என்று குறிக்கப்பட்ட போர்ட்டில் சேர வேண்டும். மற்றப் போர்ட்டுகள் வீட்டுக் கருவிகளுக்கு உரியவை. கண்ணாடியிழையைக் கூர்மையாக மடக்கலாகாது. அதன் முனையைக் கண்ணெதிரே பிடித்துப் பார்க்கவும் கூடாது.

முதன்முறை இயக்கும்போது நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரில் எழுத வேண்டும். யூனிஃபை போன்ற சேவையில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே இழையில் இணையம், தொலைக்காட்சி, பேச்சு ஆகிய மூன்றும் தனித்தனி எண் அடையாளத்தோடு வருகின்றன. இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்பன வழக்கமான எண்கள். பேச்சுக்கு வேறோர் எண். கடையில் வாங்கிய புதிய ரவுட்டரைப் பொருத்தியபின் இணையம் வந்தும் தொலைபேசி ஊமையாகிவிடுவது இதனாலேதான். புதுப்பெட்டி பேச்சுக்குரிய அடையாளத்தை அறியவில்லை. அல்லது அதில் தொலைபேசிக்குரிய துளையே இல்லை. அவ்வாறு மாற்ற விரும்புவோர், பழைய பெட்டியைக் கழற்றுமுன் தொலைபேசிக் கம்பி எந்தப் பெட்டியில் செருகப்பட்டுள்ளது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபைக் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிடுதல் நன்று. பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் சொல்லை வீட்டுக்கு வருவோர் அனைவரும் படிக்கலாம்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். தொலைக்காட்சி அலமாரிக்குள்ளும், மீன் தொட்டிக்குப் பின்னாலும், இரும்புப் பெட்டியின் அருகிலும் வைத்தால் அலை அடங்கிவிடும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே முறை. வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் காங்கிரீட் சுவரில் களைத்துவிடும். அடுக்குமாடி வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பாலும் மேலும் கீழும் அண்டை வீட்டு ரவுட்டர்கள் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. பத்து வீடுகள் அவற்றைப் பங்கிட்டால் நெரிசல் ஏற்படுவது இயல்பு. அங்கே பேசும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்பது நலம். கம்பியால் இணைப்பது அதனினும் நலம்.

ஒருவர் குரல் மட்டும் கேட்பது ஏன்?

இணையத்தில் பேச மூன்று வழிகள் உள்ளன. நிறுவனம் வழங்கும் வீட்டு எண் ஒன்று. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் மற்றொன்று. தனி இணையத் தொலைபேசிக் கணக்கு ஒன்றைப் பெற்று, அதற்குரிய அடாப்டரை ரவுட்டரில் பொருத்துவது மூன்றாவது. செயலிகள் நிலையானவை என்று எண்ணுதல் ஆகாது. 2003 இல் தோன்றிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

மூன்றாம் வழியில் ஒரு விந்தையான குறை அடிக்கடி தோன்றும். மணி அடிக்கும், எடுத்தால் ஒருவர் குரல் மட்டும் கேட்கும். வீட்டுக்கு வெளியுலகில் இருப்பது ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளை ரவுட்டர் வழங்குகிறது. தொலைபேசிக் கருவி தன் உள்முகவரியையே அழைப்புக் கடிதத்தில் எழுதி அனுப்பினால், எதிர்ப்பக்கத்தார் குரலை அனுப்ப வழியறியாது திகைப்பர். தோட்டத்தில் ‘மூன்றாம் லயம், ஐந்தாம் காம்பரா’ என்று மட்டும் எழுதிய கடிதம் தோட்டத்துக்குள் சேரும். பட்டணத்து அஞ்சலகத்துக்கு அது புதிர்.

இதைத் திருத்தவென்றே பல ரவுட்டர்களில் ‘சிப் ஏ.எல்.ஜி.’ என்னும் வசதி உண்டு. ஆயினும் அது கடிதத்தை அரைகுறையாகத் திருத்திக் குழப்பத்தை மிகுதியாக்குவதே அனுபவம். அதை அணைத்துப் பார்ப்பது முதல் மருந்து. வெளியே அழைக்க முடிந்தும் உள்ளே அழைப்பு வராவிட்டால், நெடுநேரம் பயன்படாத வழியை ரவுட்டர் மூடிவிட்டது என்று கொள்ளலாம். கருவி தன் பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைத்தால் வழி திறந்தே இருக்கும். வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி வழங்கினால் சிக்கல் இரட்டிப்பாகும். பின்னதை வெறும் வைஃபை நிலையமாக மாற்றிவிட வேண்டும்.

பழுதைத் தேடும் முறை

வெளியிலிருந்து உள்நோக்கி வருவதே பழுது தேடும் நெறி. முதலில் ஓ.என்.யூ.வின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழை தளர்ந்துள்ளதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. டெலிகோம் மலேசியாவுக்கு எண் 100.

ஒளி இருந்தும் இணையம் இல்லையெனில் மூன்று பொருள்களையும் அணைத்து, ஓ.என்.யூ.வை முதலில் இயக்கி, அதன் விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரையும், இறுதியில் தொலைபேசியையும் இயக்க வேண்டும். இணையம் கம்பியில் சரியாகவும் வைஃபையில் குறைவாகவும் இருந்தால் குற்றம் அலையினுடையது. இரண்டிலும் சரியாக இருந்து பேச்சு மட்டும் கெட்டால் தொலைபேசி அமைப்பை ஆராயலாம். மாலை வேளையில் மட்டும் பேச்சு தடுமாறினால், வீட்டில் வேறெவரேனும் படங்களையோ காணொளிகளையோ மேலேற்றுகின்றனரா என்று கேட்டறிய வேண்டும். பெரும்பொதிகளின் வரிசைக்குப் பின்னால் பேச்சுப் பொதி காத்து நிற்கும். பேச்சுக்கு முன்னுரிமை தரும் வசதி ரவுட்டரில் இருந்தால் அதனை இயக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரே வேளையில் நான்கை மாற்றியவருக்குப் பழுது நீங்கினாலும் காரணம் விளங்காது. மீண்டும் வந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நிறுவனம் முறையீட்டைத் தீர்க்காவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் கொண்டு செல்லலாம். அப்போதும் நாள், நேரம், விளக்கின் நிறம் ஆகியவற்றைக் குறித்த அத்தாளே சான்றாக நிற்கும்.

மின்தடையும் இடியும்

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. செம்புக் கம்பியின் காலத்தில் மின்னல் அதன் வழியே வந்து மோடங்களைக் கருக்கியதுண்டு. கண்ணாடியிழை அவ்வழியை அடைத்துவிட்டது. அடாப்டர் செருகியுள்ள மின்கம்பியின் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. பெரும் இடியின்போது பிளக்கைக் கழற்றிவிடுதல் பெட்டிகளைக் காக்கும். ஆனால் அந்நேரம் வீட்டுத் தொலைபேசி இயங்காது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மின்தடைக்கு மாற்று உண்டு. தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே கண்ணாடியிழைப் பாதையில் மின்சாரம் வேண்டிய பெட்டி பொதுவாக இல்லை. நிலையத்துக்குத் தனி மின்கலங்கள் உள்ளன. ஆகவே வீட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் மின்சாரம் கிடைத்தால் தெரு இருண்டாலும் தொலைபேசி பேசும். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 20 வாட் உண்பதாகக் கொண்டால், 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் உள்ள யு.பி.எஸ். ஏறத்தாழ மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் சில அடுக்குமாடிகளில் கண்ணாடியிழை கட்டடத்தின் கீழ்த்தளம் வரையே வருகிறது. அங்கிருந்து வீடுவரை செம்புக் கம்பி. அங்கே கீழ்த்தளப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், வீட்டில் யு.பி.எஸ். இருந்தும் பயன் கிட்டாமற் போகலாம். நிர்வாகத்தாரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

இச்செய்தி யாருக்கு எட்ட வேண்டுமோ அவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்க, தனியே வாழும் ஒரு பாட்டி, மேசை மேலிருக்கும் தொலைபேசி எப்போதும் பேசும் என்ற பழைய நம்பிக்கையிலேயே இருக்கிறார். இரவில் மூச்சு முட்டும்போது 999 ஐ அழைக்க அவர் அதனைத்தான் நாடுவார். மின்சாரம் இல்லையெனில் அது பேசாது. வாட்ஸ்அப் வழியாக 999 ஐ அழைக்கவும் இயலாது. மின்னேற்றிய சாதாரணக் கைப்பேசி ஒன்று அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதில் 999 ஐ அழைக்கும் முறை அவருக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும்.

பெட்டியைப் பொருத்தித் தரும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்புமுன் ஒரு சோதனை செய்யலாம். பகல் வேளையில் முதன்மைச் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்து, வீட்டில் எந்தத் தொலைபேசி பேசுகிறது என்று தாமே அழைத்துப் பார்க்க வேண்டும். பேசும் கருவியைப் பெரியவருக்குக் காட்டி, அவர் கையாலேயே ஓர் அழைப்பைச் செய்விக்க வேண்டும். வேகம் எத்தனை மெகாபிட் என்று அளப்பதற்கு முன்னே செய்ய வேண்டிய அளவை இதுவே.