சர்க்கார் கழகங்களும் நஷ்டஈடும்

சத்திரம் பஸ் நிலையத்தினின்றும் ஸ்ரீரங்கம் செல்லும் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடவாத மாணவர் நம்முள் அரியர். அவ்வழியில் ஓடும் அரசு பஸ், சர்க்காருக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகத்தினுடையது. நம் நகர வீதிகளில் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. ஓட்டுநரின் அசிரத்தையால் ஒருவர் காலிழப்பின், தனியார் வண்டியாயின் முதலாளிமீது வழக்கிடலாமென்பதை யாவரும் அறிவர். வண்டி சர்க்காருடையதாயின் யாது செய்வது? 'சர்க்காரை எதிர்த்து வெல்வார் யார்?' என்று வாளாவிருந்துவிடும் குடும்பங்களும் உண்டு. அவ்வெண்ணம் தவறென்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அரசன் பிழை செய்யான் என்பது ஆங்கில நாட்டுப் பழைய நியாயக் கொள்கை. நம் தேசத்தில் அக்கொள்கை முழுவதும் வேரூன்றவில்லை. கல்கத்தாவில் கிடர்ப்பூர்க் கப்பல் துறையில் சர்க்கார் வேலையாட்கள் இரும்புச் சட்டம் ஒன்றைச் சுமந்து செல்லுங்கால், பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனியாரின் குதிரை வெருண்டு காயமுற்றது. 1861ஆம் ஆண்டில் பிரதம நீதிபதி ஸர் பார்ன்ஸ் பீகாக், வியாபாரிபோல் சர்க்கார் நடத்தும் தொழில்களில் நேரும் தீங்குக்கு அது நஷ்டஈடு கொடுத்தே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். போர், போலீஸ் முதலிய ஆட்சிக் காரியங்கள் வேறு. தொழில் வேறு என்பது இதன் கருத்து.

இவ்வேற்றுமையால் பின்னும் இடர் விளைந்தது. 1962ஆம் ஆண்டில், கலெக்டரின் ஜீப் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு ராஜஸ்தான் சர்க்கார் பொறுப்பென்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1964ஆம் ஆண்டிலோ, மீரட் போலீஸார் கைப்பற்றிய பொன்னைத் தலைமைக் காவலர் ஒருவர் கவர்ந்து சென்ற வழக்கில், அஃது ஆட்சிக் காரியத்தில் நேர்ந்ததென்று பொன்னுடையவருக்குப் பரிகாரம் மறுக்கப்பட்டது.

கழகங்களுக்கோ இவ்வரண் எளிதிற் கிட்டாது. காரணம் யாதெனில், கழகம் சட்டத்தின் கண்ணில் தனியொரு நபர். திருவெறும்பூரில் ஆலை நடத்தும் பெல் நிறுவனமும், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நம் திருச்சியிலும் பஸ் விடும் போக்குவரத்துக் கழகமும் கம்பெனிகளே. சர்க்கார் பங்குதாரராயிருத்தலால் கம்பெனி சர்க்காராகிவிடாது. தன் பெயரால் வழக்கிடவும், தன் பெயரால் வழக்கிடப்படவும் அது கடமைப்பட்டது.

அமெரிக்க தேசத்திலும் இதுவே முடிவு. டென்னசி ஆற்றில் வீழ்ந்த மின்கம்பியை ஊழியர்கள் தூக்குங்கால், படகில் விரைந்து வந்த ஒருவர்மீது அது மோதிக் காயப்படுத்திற்று, உடனிருந்தவர் இறந்தார். 1933இல் நிறுவப்பெற்ற டென்னசி பள்ளத்தாக்கு அதிகார சபை, தான் சர்க்கார் அங்கமென்று தப்ப முயன்றது. மின்சாரம் விற்கும் எந்தக் கம்பெனியும் போலவே அதுவும் வழக்குக்கு உட்பட்டதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்த்தது.

நம் நாட்டில் மின்சார விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியால் சைக்கிளில் சென்றவர் இறந்தார். யாரோ மின்சாரம் திருட இழுத்த கம்பியென்று மத்தியப் பிரதேச மின்சார வாரியம் வாதித்தது. அபாயமான பொருளைக் கையாள்வோர், அசிரத்தை நிரூபிக்கப்படாவிடினும் பொறுப்பாளரே என்று 2002இல் உச்ச நீதிமன்றம் விடையளித்தது.

இனி, எங்கே செல்வது என்பதையும் அறிதல் வேண்டும். பஸ் விபத்தாயின், விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆறு மாதத் தவணை விதித்திருத்தலின், தாமதித்தல் ஆகாது. தொகையைக் கணக்கிடும் முறையை, இறந்தவரின் வயதும் வருமானமும் கொண்டு, 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அவ்வழக்கில் எதிர்க்கட்சியும் டில்லிப் போக்குவரத்துக் கழகமே. மின்சார விபத்தில் உண்மை பற்றித் தகராறு இருப்பின், ஹைகோர்ட்டுக்கு நேரே ரிட் மனுவுடன் செல்லாது, சிவில் கோர்ட்டில் சாட்சியங் கொண்டு நிரூபித்தலே முறையென்று தமிழ்நாடு மின்சார வாரியத்தின் வழக்கொன்றில் 2000இல் தீர்ப்பாயிற்று.

தீர்ப்புப் பெற்றும் பணம் வாராதிருப்பின்? கழகத்தின் பஸ்ஸையே கோர்ட்டு அமீனா ஜப்தி செய்த செய்திகளைப் பத்திரிகைகளில் பலகால் வாசித்திருக்கின்றோம். எனினும் இப்பணம் இறுதியில் பொதுமக்கள் பணமேயன்றோ? இதனை எண்ணியே, லக்னோ அபிவிருத்தி ஆணையத்தின் வழக்கில் 1993ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மனமறிந்து தீங்கிழைத்த உத்தியோகஸ்தரிடமிருந்தே அத்தொகையை வசூலிக்க வழி காட்டிற்று.

கன்றின்மேல் தேரேறியதற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மநுநீதிச் சோழன் கதை நம் நாட்டது. அங்கே பசுவும் மணியை அடித்த பின்னரே நீதி பிறந்தது. இன்றும் ஆராய்ச்சி மணி தொங்குகின்றது. அதனை அடிக்கும் வழியை அறியாதார்க்கு அறிவித்தல், கற்றாராகிய நம் கடனாகும்.