கரி, கந்தல் துணி, பனை மட்டை: கார்த்திகைக்கு வீட்டிலேயே செய்யும் 'மாவளி' எப்படிப் பொறி பறக்கிறது?

தீபாவளிப் பட்டாசுப் பெட்டி காலியாகிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். கார்த்திகை தீபத்தன்று இருட்டியதும் வாசல்களில் அகல் வரிசை எரியத் தொடங்கும். அதே நேரத்தில் ஊர்ப் பொட்டலில் ஒரு பையன் கயிறு ஒன்றைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றுவான். முதலில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வட்டமடிக்கும். வேகம் கூடக் கூட, அந்தப் புள்ளியில் இருந்து ஆயிரக்கணக்கான பொன்னிறப் பொறிகள் கொட்டும். பார்க்கிறவர்களுக்கு, இருட்டுக்குள் ஒரு நெருப்புக் குடை விரிந்தது போல இருக்கும்.

வீடியோவில் பார்த்தால் ஏதோ புது வகை பட்டாசு என்றுதான் தோன்றும். ஆனால் இதை எந்தக் கடையிலும் வாங்கவில்லை. வெடிமருந்தும் கிடையாது. பனம்பூவைச் சுட்ட கரி, பழைய வேட்டித் துணி, பனை மட்டை, கயிறு. அவ்வளவுதான் மெட்டீரியல்!

இதன் பெயர் மாவளி. சில ஊர்களில் மாவலி என்பார்கள். 'கார்த்தி சுத்துறது' என்றும் சொல்வது உண்டு. மாவலிச் சக்கரவர்த்தியோடு சேர்த்து இதற்குக் கதை சொல்லும் ஊர்களும் இருக்கின்றன. கதை எதுவாக இருந்தாலும் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

மாவளி செய்வது எப்படி?

சுற்றுவதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். செய்வதற்கோ சில நாட்கள் வேண்டும். அதனால் கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும்.

1. பனம்பூ பொறுக்குவது: பனையில் ஆண் மரம், பெண் மரம் என இரண்டு உண்டு. நுங்கு காய்ப்பது பெண் மரம். ஆண் மரத்தில் காய் வராது, விரல் விரலாக நீண்ட பூக்கதிர்கள்தான் வரும். அவை காய்ந்து மரத்தடியில் விழும். மாவளிக்கு வேண்டியது அதுதான். பொறுக்கி வருவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

2. கரி ஆக்குவது: மண்ணில் சின்னக் குழி தோண்டி, காய்ந்த பூக்கதிர்களை அடுக்கித் தீ வைப்பார்கள். நன்றாகப் பற்றி எரிந்து, சாம்பல் ஆவதற்கு முன்பே மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். முழு வேலையிலும் அனுபவம் தேவைப்படும் இடம் இதுதான். சீக்கிரம் மூடினால் பாதி பச்சையாக நிற்கும், தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். 'இப்ப மூடுடா' என்று சொல்ல, வீட்டில் ஒரு தாத்தாவோ மாமாவோ பக்கத்தில் நிற்பார்.

3. பொடிப்பது: ஆறிய கரியை எடுத்து அம்மியிலோ உரலிலோ போட்டுப் பொடிப்பார்கள். சில வீடுகளில் கொஞ்சம் உப்பும் சேர்ப்பது உண்டு. பொடி ஈரம் இல்லாமல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

4. கட்டுவது: பழைய பருத்தித் துணியில் பொடியைக் கொட்டி, குழல் மாதிரி சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் துணி கூடவே கூடாது. அது எரியாமல் உருகி ஒழுகும், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

5. மட்டையில் பொருத்துவது: பனை மட்டையை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, நடுவில் இந்தக் கரிப் பொட்டலத்தை வைத்து, இரண்டு முனைகளையும் கட்டுவார்கள். பொட்டலம் நழுவி விழாமல் மட்டைகள் கூண்டு போலப் பிடித்துக்கொள்ளும். ஒரு முனையில் நீளமான, உறுதியான கயிறு.

6. சுற்றுவது: பொட்டலத்தின் மேல் ஒன்றிரண்டு தணல் துண்டுகளை வைத்து மெதுவாக ஊதினால், துணி கனிந்து உள்ளே கரி பிடிக்கும். பிறகு கயிற்றைப் பிடித்துச் சுற்ற வேண்டியதுதான்.

வெடிமருந்தே இல்லை, பொறி மட்டும் எப்படி?

பட்டாசுக்குள் இருக்கும் கருமருந்தில் மூன்று பொருட்கள் இருக்கும்: பொட்டாசியம் நைட்ரேட் எனும் வெடியுப்பு, கரி, கந்தகம். எரிவதற்கு ஆக்சிஜன் தேவை. பட்டாசுக்குள் அதைக் கொடுப்பது வெடியுப்பு. அதனால்தான் இறுக்கமான காகிதக் குழாய்க்குள்ளும் அது நொடியில் எரிந்து வெடிக்கிறது.

மாவளியில் இருப்பது கரி மட்டும்தான். ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருந்து வர வேண்டும். சும்மா கயிற்றில் தொங்கவிட்டால் அது கனன்றுகொண்டு மட்டும் இருக்கும். சுற்ற ஆரம்பித்ததும் காற்று வேகமாக அதன் மேல் மோதுகிறது. கொல்லன் துருத்தி ஊதியதும் உலைக்கரி சிவப்பதும், அடுப்பை விசிறியதும் தணல் பிரகாசமாவதும் இதே காரணத்தால்தான்.

வேகம் கூடும்போது எரியும் கரித்துகள்கள் கனிந்த துணியின் இடுக்குகள் வழியே வெளியே எறியப்படுகின்றன. அவை வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் நேராகப் பறக்கும். பள்ளியில் படித்த அதே இயற்பியல்! ஒவ்வொரு துகளும் காற்றில் போகும்போதே எரிந்து ஒளிர்வதால், கோடு கோடாகத் தெரிகிறது. அந்தச் செம்பொன் நிறம் சூடான கரியின் சொந்த நிறம். பட்டாசில் பச்சை நிறத்துக்கு பேரியம் உப்பு, சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு எனச் சேர்ப்பார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. உப்பு போட்டிருந்தால், சூட்டில் உப்புக்கல் வெடிக்கும் மெல்லிய 'படபட' சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் இது புகையே இல்லாத விளையாட்டா? அப்படிச் சொன்னால் மிகை. கரி எரிந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். கந்தகமும் பேரியமும் காதைக் கிழிக்கும் சத்தமும் இல்லை என்பதுதான் வித்தியாசம். குழியில் கரி சுடும் வேலையைத் திறந்தவெளியில் மட்டும் செய்ய வேண்டியதும் இதனால்தான்.

கார்த்திகை, ஒரு பனைத் திருவிழா

கார்த்திகை என்றதும் திருவண்ணாமலை மகாதீபம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் இந்தப் பண்டிகையைக் கொஞ்சம் கவனித்தால், எல்லாப் பக்கமும் பனை நிற்பது தெரியும்.

கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவது தெரியும்தானே? பனை மரத் துண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கட்டித் தீ வைக்கும் வழக்கம் அது. நெல்லை, தூத்துக்குடி, குமரி வீடுகளில் அன்றைக்கு ஓலைக் கொழுக்கட்டை மணக்கும். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து, குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். ஓலையின் வாசம் மாவில் இறங்குவதுதான் இதன் ஸ்பெஷல். கோயிலில் பனந்துண்டும், அடுப்படியில் பனங்குருத்தும், பொட்டலில் பனம்பூவும் ஒரே நாளில் நெருப்பைப் பார்க்கின்றன.

கார்த்திகை விளக்குகள் சங்க இலக்கியத்திலேயே உண்டு. அகநானூற்றின் 141-வது பாடல், முழுநிலவு நாளில் ஊரே விளக்கேற்றிக் கொண்டாடும் இரவைப் பேசுகிறது.

பிறகு ஏன் காணாமல் போனது?

முதல் காரணம், மரமே குறைந்தது. சாலை விரிவாக்கம், வீட்டுமனை, செங்கல் சூளை விறகு என ஒவ்வொன்றுக்காகவும் பனைகள் வெட்டப்பட்டன. 1978-ல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரம் இது. 2021-ல் தாக்கல் செய்யப்பட்ட மாநிலத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும் அதே பட்ஜெட்டில் இடம்பெற்றது.

இதில் கவனிக்கப்படாத ஒரு சங்கதியும் உண்டு. பெண் பனையில் நுங்கு, பனம்பழம், கிழங்கு என வருமானம் இருக்கிறது. ஆண் பனையில் பதநீர் இறக்கலாம்தான். ஆனால் மரம் ஏறும் ஆள் இல்லாத ஊரில், காய்க்காத மரம் எதற்கு என்ற கேள்வி முதலில் விழுவது அதன் மேல்தான். மாவளிக்குப் பூ தருவதும் அதே மரம்தான்.

இரண்டாவது காரணம், கைப்பழக்கம் அறுந்தது. எப்போது குழியை மூடுவது, துணியை எவ்வளவு இறுக்குவது என்பதற்கெல்லாம் எழுதி வைத்த அளவு கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். படிப்பு, வேலை என்று குடும்பம் ஊரை விட்டு நகர்ந்து, கார்த்திகை நடுவாரத்தில் வந்து, லீவு கிடைக்காமல் போன ஒரு தலைமுறை போதும். சொல்லிக்கொடுக்க ஒரு பக்கம் ஆள் இருந்தாலும், மறுபக்கம் கற்றுக்கொள்ள யாரும் இல்லை.

இப்போது கொஞ்சம் திரும்பி வருகிறது. பனை ஆர்வலர்கள் மாவளிப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். ரெடிமேட் மாவளி ஆன்லைனிலும் கிடைக்கிறது. வாங்கிச் சுற்றினால் அதே பொறி பறக்கும், தப்பில்லை. ஆனால் பூ பொறுக்கப் போவது, முகமெல்லாம் கரி அப்பிக்கொள்வது, 'பழைய வேட்டி எங்கே' என்று பீரோவைக் கிளறுவது, முதல் தடவை மூடத் தாமதித்துச் சாம்பலாகித் திரும்பச் செய்வது... இதெல்லாம் பார்சலில் வராது. அந்த ஒரு வாரம்தான் வீட்டுக்கு நிஜமான பண்டிகை. சுற்றும் பத்து நிமிஷம் அதன் கிளைமாக்ஸ் மட்டும்தான்.

செய்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இது நெருப்பு விளையாட்டு என்பதை மறக்கக் கூடாது.

* கூரை வீடு, வைக்கோல் போர், காய்ந்த புல், வாகனங்கள், மின்கம்பி எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளி வேண்டும்.
* பருத்தி உடை போட்டுக்கொள்ள வேண்டும். நீளமான கூந்தலைக் கட்டிவிட வேண்டும். துப்பட்டா வேண்டாம்.
* பொறிகள் நேர்க்கோட்டில் வெளியே பறப்பதால், பார்ப்பவர்கள் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். செல்ஃபிக்காகக் கிட்டே போவது ரிஸ்க்.
* முதலில் தீ இல்லாமல் சுற்றிப் பார்த்து, கயிறும் முடிச்சும் தாங்குகின்றனவா எனச் சோதிக்க வேண்டும்.
* சின்னப் பிள்ளைகளுக்குப் பூ பொறுக்குவதும் துணி கட்டுவதும் போதும். தணல் வைத்துச் சுற்றுவது பெரியவர்களின் வேலை.
* பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும். முடிந்ததும் மாவளியை அதில் முக்கி, முழுக்க அணைந்ததா என்று பார்க்க வேண்டும். கரி அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

மொட்டை மாடியில் மாவளி வேண்டவே வேண்டாம். பொறி எந்த பால்கனித் துணியில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் கார்த்திகையின் மற்ற கைவேலைகள் ஃப்ளாட்டுக்குள்ளும் நடக்கும். குருத்தோலை கிடைத்தால் ஓலைக் கொழுக்கட்டை செய்யலாம். மாவை உள்ளே வைத்து ஓலையைக் கட்டுவதில் பிள்ளைகளுக்குச் செம போட்டி நடக்கும். வெல்லப் பாகு காய்ச்சி, சூடு பொறுக்கும் பதத்தில் ஆளுக்கொரு கையாகப் பொரி உருண்டை பிடிக்கலாம். களிமண் வாங்கி வந்து, சில நாள் முன்பே அகல் செய்து காயவைக்கலாம். சூளையில் சுடாத அகல் எண்ணெயை உறிஞ்சும், ஒரு நாள்தான் தாங்கும். அந்த ஒரு நாள் போதாதா? கோணலாக இருக்கும் அகல் யார் செய்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் இடம் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பனம்பழ சீசனில் கிடைக்கும் பனங்கொட்டையை மழைக்கு முன் மண்ணில் ஊன்றலாம். பொங்கலுக்குச் சாப்பிடும் பனங்கிழங்கு அதில் இருந்து வருவதுதான். ஒன்றிரண்டைத் தோண்டாமல் விட்டால் மரமாகும்.

ஆனால் பனை அவசரப்படாது. முதல் பூ வரும் வரை அது ஆண் மரமா, பெண் மரமா என்றே தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். இந்த வருஷம் ஐந்து வயதுக் குழந்தை ஊன்றும் கொட்டை, அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும் வயதில்தான் பதில் சொல்லும். பெண் மரம் என்றால் கோடையில் வீட்டுக்கு நுங்கு. ஆண் மரம் என்றால் கார்த்திகைக்கு மாவளி. அப்போது குழியை எந்த நேரத்தில் மூட வேண்டும் என்று சொல்ல, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.